குழந்தைகளின் இருதயமும் தலைவிதியும்

நமது நாட்டில் ஐம்பது வயதுகூட நிரம்பாத ஒருவன் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப் போனால், ஊரார் சொல்லும் சமாதானம் எல்லோருக்கும் தெரிந்ததேயாகும். "விதி முடிந்துவிட்டது" என்பார்கள். "ஆண்டவன் அழைத்துக்கொண்டான்" என்பார்கள். ஜோசியன் வந்து சனி பார்த்த பார்வை என்பான். அண்டை வீட்டுக்காரி கண் திருஷ்டி என்பாள். கடன் வாங்கிப் பதினாறாம் நாள் காரியத்தையும் நடத்தி முடித்துவிடுவார்கள். ஆனால் செத்தவன் எதனால் செத்தான் என்று கேட்பதற்கும், அவனுடைய பிள்ளைக்கும் அதே சாவு வராமலிருக்க இன்றே என்ன செய்யலாம் என்று கேட்பதற்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருப்பதில்லை.

52 தேசங்களில் மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றிலிருந்து 2007ஆம் வருஷத்தில் ஒரு கணக்கு வெளியாயிற்று. இந்தியா முதலான தெற்காசியத் தேசத்தார் முதல் மாரடைப்புக்கு ஆளாகும் நடு வயது 53 என்றும், மற்ற தேசத்தாருக்குச் சுமார் 59 என்றும் அதில் கண்டார்கள். விதிதான் காரணம் என்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். எல்லா உயிருக்கும் பொதுவானவர் என்று சொல்லப்படுகிற ஆண்டவனுக்கு நம் தேசத்தாரை அழைத்துக்கொள்வதில் மாத்திரம் ஏன் ஆறு வருஷ அவசரம்? உலகத்திலுள்ள கோவில்களிலெல்லாம் அதிகமான கோவில்களைக் கட்டி, அதிகமான தேங்காய்களை உடைத்ததற்குக் கிடைத்த சம்பளம் இதுதானா?

இருதயத்தைப் பற்றி மனிதன் உண்மை அறிந்ததே நம்பிக்கையைக் கைவிட்டுக் கணக்குப் பார்த்த பிறகுதான். கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர், இரத்தம் ஈரலில் உண்டாகித் தேகத்தில் செலவழிந்து போகிறது என்று எழுதி வைத்தார். சுமார் 1400 வருஷ காலம் ஐரோப்பிய வைத்தியர்கள் அதையே வேதம்போல் ஒப்பித்துக் கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி என்பவர், இருதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, அரை மணிக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். உடம்பு முழுவதிலுமுள்ள இரத்தத்தைவிட அந்தத் தொகை அதிகமாய் வந்தது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று 1628ஆம் வருஷத்தில் புஸ்தகம் எழுதி வெளியிட்டார். அன்று முதல் இருதயம் ஆண்டவன் குடியிருக்கும் கோவிலாக இல்லாமல், இரத்தத்தை இறைக்கும் ஒரு தசை இயந்திரமாக விளங்கிற்று. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை அது அடித்துக் கொள்ளுகிறது. வளர்ந்த மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டரும், மூச்சு வாங்க ஓடும்போது அதைப்போல் நாலு மடங்கும் இறைக்கிறது. கையும் காலும் எப்படித் தசையோ அப்படியே அதுவும் ஒரு தசை. உழைத்தால் உரப்படும், உழைக்காவிட்டால் சோம்பிப் போகும்.

நிற்க, மாரடைப்பு என்பது ஐம்பதாவது வயதில் திடீரென்று வருகிற விருந்தாளி அல்ல என்பதையே நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தோம். கொரியா யுத்தத்தில் செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இருதயங்களை டாக்டர்கள் அறுத்துப் பார்த்து 1953ஆம் வருஷத்தில் ஒரு விபரம் வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. திடகாத்திரர்கள் என்று பார்த்துப் பொறுக்கிப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அப்படியிருந்தும் நூற்றுக்கு 77 பேருக்கு இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரியும்படியாகவே இருந்தது. பிறகு லூசியானா மாகாணத்தில் போகலூசா என்ற சிறு ஊரில், வெள்ளைக்காரக் குழந்தைகளையும் கறுப்புக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்து 1970க்குப் பின்னிட்ட வருஷங்களில் பரிசோதிக்க ஆரம்பித்து, பல பத்து வருஷங்கள் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். அந்த ஊரில் விபத்து முதலியவைகளால் இறந்துபோன 2 வயது முதல் 39 வயது வரையிலுள்ள 204 பேரை அறுத்துப் பார்த்த விபரம் 1998ல் வெளிவந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருதயக் குழாயில் கொழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. யாருக்கு உடல் பருமனும், இரத்த அழுத்தமும், இரத்தத்தில் கொழுப்பும் அதிகமாயிருந்ததோ, அவர்களுக்கே அந்தக் கோடுகளும் அதிகமாயிருந்தன. ஆகவே தலையெழுத்து என்று ஒன்று உண்டானால் அது பிரம்மா மண்டையோட்டில் எழுதினதல்ல. குழந்தைப் பருவத்தில் இரத்தக் குழாயின் உட்சுவரில் நாமே எழுதுகிற எழுத்துத்தான் அது. கொழுப்புக் கோடாக இருக்கும்வரை அதைப் பெரும்பாலும் அழித்துவிடவும் முடியும் என்பதுதான் இதிலுள்ள நல்ல செய்தி.

அழிக்கும் சாதனங்களில் ஒன்று ஓட்டம். மூச்சு வாங்கும்படி, வியர்க்கும்படி, கொஞ்ச நேரம் விடாமல் ஓடுதல், நீந்துதல், சைக்கிள் மிதித்தல், கயிறு தாண்டுதல், பந்தடித்தல் ஆகியவைகளையே வைத்தியர்கள் ஏரோபிக் உடற்பயிற்சி என்கிறார்கள். இவைகளால் உண்டாகும் பலத்தை நாம் ஓட்டத் தெம்பு என்று சொல்லலாம். அப்படி ஓடுகிற குழந்தையின் இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலான இரத்தத்தை இறைக்கக் கற்றுக்கொள்ளுகிறது. அதனால் சும்மா இருக்கும்போது குறைவாகத் துடித்தே வேலையை முடித்துக் கொள்ளுகிறது. இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே வரிசை உயிரணுக்களாலான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. இரத்தம் வேகமாக அதை உரசி ஓடும்போது அந்தப் பூச்சு நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்க, குழாய் இளகி விரிந்து கொடுக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகவே 1998ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உடல் பருத்த குழந்தைகளுக்கு இந்த விரியும் சக்தி குறைந்திருப்பதையும், ஒழுங்காகச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்ததில் அது திரும்பி வந்ததையும் சோதித்தே கண்டிருக்கிறார்கள்.

"ஓடினால் மாரடைப்புக் குறையும் என்பதற்கு என்ன ருசு?" என்று பகுத்தறிவுள்ள தோழர்கள் கேட்கத்தான் வேண்டும். 1953ஆம் வருஷத்தில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் பஸ் தொழிலாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அது மாடி பஸ். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பான். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாள் முழுவதும் படி ஏறி இறங்கிக் கொண்டிருப்பான். ஒரே ஊர், ஒரே பஸ். ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. வந்தவர்களிலும் உடனே செத்தவர்கள் குறைவு. சுவீடனில் 1969 முதல் 1984 வரை பட்டாளத்துக்கு அழைக்கப்பட்ட 18 வயது வாலிபர்கள் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்குமேல் சைக்கிள் மிதிக்க வைத்து ஓட்டத் தெம்பை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். பல பத்து வருஷம் கழித்து அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்ததில், தெம்பு நூற்றுக்கு 15 பங்கு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிற்கால மாரடைப்பு நூற்றுக்கு 18 பங்கு குறைவாக இருந்தது என்று 2014ல் வெளியிட்டார்கள். இம்மாதிரிக் கணக்குகள் தனித்தனியே முடிவான ருசு ஆகிவிடமாட்டா. பிறவிக் கூறு, சாப்பாடு, புகையிலை, உப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஓடுகிற குழந்தைக்கு நோயே வராது என்று தாயத்து விற்கிறவனைப்போல் நாம் உத்தரவாதம் கொடுக்கவும் இல்லை. ஆனால் அறுத்துப் பார்த்த கணக்கும், அளந்து பார்த்த கணக்கும், பயிற்சி கொடுத்துப் பார்த்த கணக்கும் எல்லாம் ஒரே பக்கத்தைக் காட்டும்போது அந்தப் பக்கம் போவதே புத்திசாலித்தனமாகும்.

இனி நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். 5 முதல் 17 வயது வரையிலுள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது நன்றாக உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது அது மூச்சு வாங்கும் விளையாட்டாக இருக்கவேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் சொல்லியிருக்கிறது. அதே ஸ்தாபனத்தார் 146 தேசங்களின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சேகரித்த கணக்கின்படி, 2016ஆம் வருஷத்தில் 11 முதல் 17 வயது வரையிலுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவுக்கு விளையாடவில்லை. பிள்ளைகளின் ஓட்டத் தெம்பை அளந்து வைத்திருக்கும் 19 தேசங்களில், 1981க்கும் 2014க்கும் இடையில் அது நூற்றுக்கு 7 பங்குக்குமேல் இறங்கியிருக்கிறது. பணக்காரத் தேசங்களிலேயே இந்தக் கதி.

ஆனால் நமது நாட்டில் இதற்கு மோட்டாரும் செல்போனும் மாத்திரம் காரணமல்ல. அவைகளுக்கு வெகு காலத்துக்கு முந்தியே உடம்பை அசைப்பது இழிவு என்று இங்கு தர்மமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். ஓதுகிறவன் உயர்ந்தவன், உழுகிறவன் தாழ்ந்தவன், மேல் மூவருக்கும் ஊழியம் செய்வதே சூத்திரன் தொழில் என்பதுதானே மனுதர்மம்? வியர்வை சிந்துகிறவன் எவனோ அவன் கீழ்ஜாதி. உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மேல்ஜாதி என்பதுதானே வருணாசிரமத்தின் சாரம்? அந்த இழிவை ஒழிக்க நாம் பாடுபட்டோம். ஆனால் நம்மவர் பலர் நாலு காசு சேர்ந்ததும் அந்த இழிவையே பெருமை என்று காப்பியடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரை மைல் தூரத்திலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வேனில் அனுப்புவது அந்தஸ்து. பிள்ளை தெருவில் ஓடி ஆடினால் "கூலிக்காரன் பிள்ளை மாதிரி" என்று வைவது அந்தஸ்து. அப்பன் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு பிள்ளை வியர்வையே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுவதுதான் முன்னேற்றம் என்று நினைக்கிறார்கள். இது முன்னேற்றமல்ல, நம்மை இழிவுபடுத்தினவனுடைய வியாதியை விலை கொடுத்து வாங்கிக்கொள்வதேயாகும்.

பள்ளிக்கூடங்களின் யோக்கியதையோ இன்னும் மோசம். 2009ஆம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கலியாண மண்டபத்தைப்போல் நாலு மாடி கட்டி, கார் நிறுத்தும் இடத்தையே மைதானம் என்று காட்டுகிற பள்ளிக்கூடங்கள் எத்தனை! மைதானம் இருக்கிற இடத்திலும் பரீட்சை வருகிறது என்று சொல்லி டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளுகிறார். விடிந்தால் டியூஷன், பொழுது சாய்ந்தால் டியூஷன். பரீட்சைக்கு முந்தின நாள் பேனாவைச் சாமி முன் வைத்துப் பூஜை செய்ய நேரமிருக்கிறது. பிள்ளை அரை மணி ஓட நேரமில்லை!

பெண் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மேலே சொன்ன 2016ஆம் வருஷத்துக் கணக்கில் போதிய அளவு விளையாடாத ஆண் பிள்ளைகள் நூற்றுக்கு 78 என்றால் பெண் பிள்ளைகள் 85. நம் ஊர்களில் பத்து வயது வரை பையன்களை முந்தி ஓடிக்கொண்டிருந்த பெண், பெரியவளானாள் என்று பந்தல் போட்டு ஊருக்குச் சொன்ன நாள் முதல் நடப்பதற்கே உத்தரவு வாங்கவேண்டியவளாகிறாள். ஓடினால் கருப்பை கெட்டுவிடும் என்று வீட்டுக் கிழவிகள் சொல்லுகிறார்கள். இந்தப் புளுகு நமது கிழவிகளுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1928ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் முதல் தடவையாக 800 மீட்டர் ஓடினார்கள். இறுதிப் பந்தயத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் பலர் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அதைச் சாக்காக வைத்து 1960ஆம் வருஷத்து ரோம் பந்தயம் வரை, 32 வருஷம், அந்த ஓட்டத்தைப் பெண்களுக்கு இல்லாமலே செய்துவிட்டார்கள். பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் ஒலிம்பிக்கில் 1984ல்தான் வந்தது. இன்று அந்தப் பெண்கள் ஓடத்தான் ஓடுகிறார்கள். பிள்ளையும் பெறத்தான் பெறுகிறார்கள். ஆண் இருதயம், பெண் இருதயம் என்று நோய் தயவு பார்ப்பதுமில்லை. 1929ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்த இயக்கத்தார், தங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தெருவிலும் மைதானத்திலும் ஓடச் சம உரிமை கொடுக்காமலிருப்பது வெட்கக்கேடல்லவா?

இதற்குச் சில ஆட்சேபங்கள் சொல்லப்படலாம். ஏழைப் பிள்ளைகள்தான் தினமும் உழைக்கிறார்களே, அவர்களுக்கு ஓட்டம் எதற்கு என்பார்கள். பட்டறையில் குனிந்தபடி பத்து மணி நேரம் நிற்பதும், செங்கல் சுமப்பதும் விளையாட்டல்ல, கொடுமை. அந்தப் பிள்ளையை அங்கிருந்து விடுவித்துப் பள்ளிக்கூடத்துக்கும் மைதானத்துக்கும் அனுப்பவேண்டும் என்பதே நமது கட்சி. பசித்த வயிற்றோடு ஓடச் சொல்லுவதும் அக்கிரமமேயாகும். அதனால்தான் 1920ல் நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு போட ஆரம்பித்தது. அது 1956ல் காமராசர் காலத்திலும் 1982ல் எம்.ஜி.ஆர். காலத்திலும் விரிந்து, 2022ல் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்திருக்கிறது. சோறு போட்ட சர்க்காரை மைதானமும் கொடு என்று கேட்பது அந்த வேலையின் மிச்சத்தைக் கேட்பதேயாகும்.

யோகம் போதாதா என்று இன்னும் சிலர் கேட்கலாம். கை கால்களை நீட்டி மடக்குவது உடம்பு வளைந்து கொடுக்க நல்லதுதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கண்ணை மூடி மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பதால் இருதயத்துக்கு ஓட்டத்தின் வேலை கிடைத்துவிடாது. வேகமாகக் குனிந்து நிமிர்ந்தால் ஓரளவு பலன் உண்டு. அந்தப் பலன் குனிந்து நிமிர்வதால் வருகிறதே தவிர சூரியனுக்குக் கும்பிடு போடுவதால் வருவதல்ல. கும்பிடாமல் செய்கிற பிள்ளைக்கும் அதே வியர்வைதான், அதே பலன்தான்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு இருக்கும். ஓடும்போது மயங்கி விழுதல், மார்பில் வலி, உதடு நீலம் பூத்தல் ஆகியவை கண்டால் உடனே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டவேண்டும். அதுபோலவே தொண்டைப் புண் வந்து போனபின் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறுகிற வீக்கமும் வந்தால், அது இருதய வால்வுகளைக் கெடுக்கும் காய்ச்சலாக இருக்கக்கூடும். பெனிசிலின் ஊசியை டாக்டர் சொன்ன காலம் வரை விடாமல் போட்டுக்கொண்டால் கேடு பெருகாமல் தடுக்கலாம். பூசாரியிடம் வேப்பிலை அடிக்கப் போனால் வால்வு போய்விடும், தட்சணையும் போய்விடும்.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்னும் ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை, எலேன் வைலி என்பவர், பிள்ளைகள் ஓடத் தெம்பில்லாமலிருப்பதைக் கண்டு 2012ல் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். தினம் 15 நிமிஷம் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பைவிட்டு வெளியே வந்து தங்கள் தங்கள் சக்திக்கு ஏற்றபடி ஓடவேண்டும், முடியாதபோது நடக்கவேண்டும். தனி உடுப்பு இல்லை, தனிக் கருவி இல்லை, பந்தயம் இல்லை, முதல் பரிசு கடைசிப் பரிசு இல்லை. இது பிறகு பல தேசங்களுக்கும் பரவிற்று. அப்படி ஓடிய பிள்ளைகளையும் ஓடாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஒத்துப் பார்த்ததில், ஓடியவர்களின் தெம்பு கூடியிருந்ததாக 2018ல் கணக்கு வெளிவந்தது. 60 நிமிஷத்தில் கால்பங்கு பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டால், மிச்சத்துக்குச் சடுகுடுவும், நொண்டியும், பச்சைக்குதிரையும், ஓடிப் பிடித்தலும் இருக்கின்றன. வெயில் கடுமையான நமது நாட்டில் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, தண்ணீர் தாராளமாகக் கொடுத்தால் போதும்.

ஆகவே ஒவ்வொரு ஊர்த் தோழர்களும் தங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். மைதானம் எங்கே? டிரில் பீரியட் வாரத்துக்கு எத்தனை, அதை யார் எடுத்துக்கொள்ளுகிறார்கள்? பெண் பிள்ளைகளும், எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகிறார்களா? மூன்றாவது கேள்வியை மறக்கக்கூடாது. ஒன்றாக ஓடி, ஒரே குழாயில் தண்ணீர் குடித்து, சடுகுடுவில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்த பிள்ளைகளிடத்தில் தீட்டு என்ற வார்த்தைக்கு இடமிருக்காது. இருதயத்துக்கு நல்லது எதுவோ அது சமத்துவத்துக்கும் நல்லதாக இருக்கிறது.

நாம் சொல்லுவதாலேயே யாரும் இதை நம்பவேண்டியதில்லை. குழந்தை பிறந்த நிமிஷத்தை எழுதி வைத்து ஜாதகம் கணிக்கிற பெற்றோர், அந்தக் காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்தி வேறொரு குறிப்பு எழுதிப் பார்க்கட்டும். காலையில் எழுந்ததும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷ நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓடி நடக்க முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தவறாமல் ஓடவிட்டு, பிறகு இரண்டையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். நாடி சிறிதுதான் குறையலாம். தூரம் கூடியிருப்பதை நீங்களே காண்பீர்கள். ஜாதகக் கட்டத்தில் அப்படி எண்ணிப் பார்த்துச் சரி தப்புச் சொல்லக்கூடிய சங்கதி ஒன்றாவது உண்டா என்று அதற்குப் பிறகு யோசித்து, உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள்.